முதல் கொப்பரை

சாமிநாதன் வெல்லப்பாகு கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பதம் வந்துடுச்சாப்பா, பக்கிரி?" என்று கேட்கிற குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அவ்வளவு குழைவு. பெண்டாட்டி பிரசவ வலியில் கிடக்கும்போது மருத்துவச்சியிடம் பேசுகிறவன் அப்படித்தான் பேசுவான். பாகூர் ஏரிப் பாசனத்தில் அவனுக்கு நாற்பது காணி நஞ்சை. ஊரே அவனை 'அவர்' என்றுதான் சொல்லும். அவன் எதிரே நானும் அப்படித்தான் சொன்னேன். இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஒதியம்பட்டுக்காரன். தை பிறந்து கரும்பு வெட்டு தொடங்கினால், ஆலை போடுகிற பண்ணைகளுக்குப் போய் வெல்லம் காய்ச்சிக் கொடுப்பது என் பிழைப்பு. எல்லா ஆலையிலும் ஒரு வழக்கம் உண்டு. முதல் கொப்பரை இறக்கும்போது யார் வந்து நின்றாலும் ஒரு உருண்டை வெல்லம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, கீழே போடக்கூடாது. போட்டால் லட்சுமியையே மண்ணில் போட்ட மாதிரி. மற்ற இடங்களில் கிழிசல் வாழையிலையில் வைத்துக் கொடுப்போம். வாங்கியவர்கள் ஊதி ஊதித் தின்பார்கள். சாமிநாதன் ஆலையில் இலை கிடையாது. உள்ளங்கையில்தான். அந்த வருஷத்துக்குப் பண்ணையாள் அமர்த்துகிற நாளும் அதுதான். சுடச்சுடக் கையில் வாங்கி, அவன் 'போதும்' என்று சொல்லும்வரை கீழே போடாமல் நின்றவர்களுக்கு வேலை. "சூடு தாங்காத கை சேறு தாங்குமா?" என்பான். அந்தப் பேச்சு ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்டது. இளவட்டங்கள் தழும்பைக் காட்டிப் பீற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூடக் கையை விரித்துப் பார்த்தார்கள் என்றால் பாருங்கள்.

முதல் வருஷம் நானும் அவனைக் கண்டிப்பான ஆள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வருஷம் அடுப்பில் கரும்புச் சக்கை தள்ளப் போன இடத்தில் எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட, பாகு ஆறிப்போனது. பச்சையப்பன் என்று ஒருத்தன், சிரித்துக்கொண்டே வாங்கி, சிரித்துக்கொண்டே நின்றான். சாமிநாதன் முகம் விழுந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துவிட்டது என்று கேட்டவன் மாதிரி ஆகிவிட்டான். வேலை கொடுத்தான்தான். அப்புறம் என்னிடம் வந்து, தோளில் கை வைத்து, "இவ்ளோ ஆற வுட வாணாம்பா" என்றான். கோபமே இல்லை. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. எனக்குக் கோபக்காரர்களைத் தெரியும். என் அப்பன் கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பான். அடித்துவிட்டு அன்று பூராவும் சோறு தின்னாமல் மூலையில் உட்கார்ந்திருப்பான். இவன் அப்படி இல்லை. முதல் கொப்பரை இறக்கிய நாளில் இவனுக்குப் பசி நன்றாக எடுக்கும்.

அதற்குப் பிறகுதான் அவன் எங்கே பார்க்கிறான் என்று கவனித்தேன். கையைப் பார்க்கவே மாட்டான். முகத்தைத்தான் பார்ப்பான். கத்துவதற்கு முன்னால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளுமே, கண் யாரையாவது தேடுமே, அந்த நேரத்தில் அவன் உதடும் கூடவே அசையும். அலறிக் கையை உதறியவர்களை உடனே போகச் சொல்லிவிடுவான். அவர்களால் அவனுக்கு அவ்வளவுதான் பிரயோஜனம். பல்லைக் கடித்து நிற்கிறவர்களைத்தான் நிறுத்தி வைத்துக்கொண்டே இருப்பான். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். இவன் இதற்காகவே ஆலை நடத்தினான் என்று சொன்னாலும் நம்புவேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மருந்து போடுவான் பாருங்கள், அதுதான் எனக்கு அருவருப்பு. புதுச்சேரியில் வெள்ளைக்காரன் மருந்துக்கடையிலிருந்து ஒரு டப்பாக் களிம்பு வாங்கி வந்து வைத்திருப்பான். வெந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே தடவி விடுவான். "இங்கயா வலிக்குது? இங்கயா?" என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கேட்பான். மேல் தோலை நகத்தால் லேசாக நகர்த்திப் பார்ப்பான். ஜனங்களுக்குக் கண் கலங்கிவிடும். எந்தப் பண்ணைக்காரன் கூலிக்காரன் கையைத் தொட்டு மருந்து போடுவான், தர்மப் பிரபு என்று கும்பிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நாலு வருஷம் அகப்பையில் அள்ளி வைத்தவன் நான். வருஷா வருஷம் அவன் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டும் திரிந்தேன்.

நாலாம் வருஷம் காசம்மாள் வந்தாள். அவள் புருஷன் கண்ணையன் அந்தக் கார்த்திகையில் பண்ணைத் தென்னந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்துவிட்டான். குடிசை பண்ணை மனையில் இருந்தது. வீட்டில் ஒருவராவது பண்ணையாளாக இருந்தால்தான் அந்த மனை. இல்லாவிட்டால் மாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். நடக்க முடியாதவனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? அந்த வருஷம் ஐப்பசி மழையில் நாற்று அழுகி, எங்கள் பிரெஞ்சுக்காரன் எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் சீமைக்குப் போனாலும் வேலை இல்லை.

ஆள் அமர்த்துவதற்கு முந்தின நாளே ஆலைக்கு வந்து என்னிடம் சொன்னாள். "நா போட மாட்டேண்ணே. நீ பாத்துக்கினே இரு. எத்தினி நாழி நிக்கச் சொன்னாலும் நிப்பேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடி பைத்தியக்காரி, அவனுக்கு வேண்டியது தைரியம் இல்லை, நீ எவ்வளவு பல்லைக் கடிக்கிறாயோ அவ்வளவும் அவனுக்குத் தீனி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. ஆனால் மறுநாள் காலையில், கூட்டத்துக்கு முன்னால் அவள் குளித்து முழுகி, முடியை இறுக்கி முடிந்துகொண்டு வந்து கையை நீட்டியபோது, நான் அள்ளிய பாகை அகப்பையிலேயே கொஞ்சம் கிளறி, ஊதி, ஆறவைத்துத்தான் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் திறந்து பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. "கத்தும்மா" என்றேன் வாய்க்குள்ளேயே. "கையை உதறாம கத்து."

அவள் கத்துவதற்கா வந்தாள்? கத்தாமல் நிற்பதற்கல்லவா வந்தாள். தலையை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

சாமிநாதன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நாலு வருஷத்தில் அவன் என் முகத்தை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நல்ல கெட்டியான கை" என்றான். "இன்னொரு தபா வாங்கிக்கம்மா. ரெண்டு ஆளுக்குச் சேத்து." என் கையிலிருந்த அகப்பையை மெல்ல வாங்கிக்கொண்டு, கொப்பரையில் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்த நடு இடத்தில் முக்கினான்.

பாகு அவள் உள்ளங்கையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. காசம்மாளின் முழங்கால் மடிந்தது, மறுபடி நிமிர்ந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. "போடல பாரு, போடல பாரு!" என்று பெண்கள் கூவினார்கள். அவன் அவள் மூச்சு மேலே படுகிற அளவுக்கு நெருங்கி நின்று, "இன்னும் கொஞ்சம்மா. இன்னும் கொஞ்சம்" என்றான். அவள் காலடியில் கிடந்த சக்கை நனைந்தது. அவன் அதையும் பார்த்தான். நானும் பார்த்தேன். கொப்பரை அத்தனை பெரிதாக எதிரே இருந்தது. அவனைப் பிடித்து அதில் தள்ள என் கைக்கு வலு இருந்தது. கை எழவில்லை.

கடைசியில் "போதும்" என்றான். "நாளையிலேந்து வேலைக்கி வந்துடு. வூட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

கூட்டம் ஆர்ப்பரித்தது. காசம்மாள் அவனைக் கும்பிடப் போய், கும்பிட முடியாமல், நேரே என் அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிக் கிடந்தாலும் ஜெயித்த களை இருந்தது. நான் செம்பில் தண்ணீர் எடுத்து அவள் கையில் ஊற்றப் போனேன்.

"தண்ணி வாணாண்ணே. கரைஞ்சிடும்." உள்ளங்கையில் வெல்லம் இறுகிக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த பூவரசிலை ஒன்றை இடது கையால் எடுத்துத் தரையில் விரித்தாள். "இத்த வழிச்சி இதுல வச்சிக் குடு. வூட்டுல அவுருக்கு வாயெல்லாம் கசக்குதாம். நாலு நாளா இனிப்பு கேட்டுக்கினு இருக்காரு."

சாமிநாதன் களிம்பு டப்பாவோடு வந்து எங்களுக்கு எதிரே குந்தினான். அவள் மணிக்கட்டைப் பாசமாகப் பிடித்துக்கொண்டான். நான் கொட்டாங்குச்சிச் சில்லால் வெல்லத்தின் ஓரத்தைக் கொஞ்சம் நெம்பினேன். பாலாடை மாதிரி தோல் அதோடு எழுந்து வந்தது. வேகமாக இழுத்தால் உள்ளங்கை முழுவதும் உரிந்துவிடும்.

"மெதுவாப்பா" என்றான், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவசரமே இல்ல."

காசம்மாள் இலை பறந்துவிடாமல் கால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் எடுத்தேன்.