சத்தம் போடாத பிரேக் பேட்

அடிலெய்டில் உதிரிபாகக் கடை வைத்திருந்த டக், கடைக்கு வந்த ரேலினிடம் விலை கூடின பிரேக் பேடை நீட்டினான். "துளி சத்தம் வராதும்மா. உங்க வீட்டுக்காரர் செடான் காருக்கு இதுதான் பொருத்தம்."

"கிறீச்சுனு கத்துறதையே குடுங்க."

"சத்தத்துக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா?"

"தெருமுனையில அது கத்தினாத்தான், அவர் உள்ள வர்றதுக்குள்ள அக்காகிட்ட பேசுற போனை வைக்க முடியும்." அங்கே கோடையான ஜனவரி வெயிலிலும் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். டக் கத்துகிற பேடையே கட்டிக் கொடுத்தான்.

மறுநாள் அவள் புருஷன் கிரெய்க், பிரிக்காத அந்தப் பெட்டியோடு வந்தான். "சத்தமில்லாதது வேணும், மச்சான். நான் வர்றதே தெரியக்கூடாது."

சரக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் டக். ஆனால் நேற்று ரேலினிடம் நீட்டிய சத்தமில்லாத பேட் பெட்டி கல்லாவின் மேலேயே கிடந்தது. கிரெய்க் அதை எடுத்துக்கொண்டான்.

"நல்ல சரக்கு," என்று வழக்கம்போல டக்கின் வாய் சொல்லிவிட்டது.