பன்னிரண்டு வோல்ட் மாப்பிள்ளை

பேட்டரிக் கடைக்காரர் வீட்டில் பெண் எடுத்தவன், தனக்குக் கரண்ட் என்றால் கதி கலங்கும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை சொல்லவில்லை. அப்போது அவன் ஒரு ஜவுளிக் கடையில் சட்டைத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமனார் பிழைப்பு வேறு, தன் பிழைப்பு வேறு என்று நிம்மதியாக இருந்தான்.

பிறகு ஜவுளிக் கடையை இழுத்து மூடினார்கள். அதே மாதம் மாமனாருக்கு மூட்டு தேய்ந்து, இனிமேல் குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு வேலை போச்சு, அவருக்கு முட்டி போச்சு. எல்லாம் நல்லதுக்குத்தான் மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜவுளிக் கடைக் கண்ணாடிக் கூண்டில் நின்ற பொம்மைக்கு அவன் ஒருநாள் கோட்டு மாட்டினான். விளக்கு ஒயர் தோலுரிந்து பொம்மையின் இடுப்புக் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தது. பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி அவன் துள்ளிய துள்ளலைத் தெருவில் நின்றவர்கள் தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மெயினை அணைத்ததால் உயிர் பிழைத்தான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் பார்க்காதபோது மின்விசிறி போடக்கூட மரக்கட்டையால்தான் ஸ்விட்சைத் தட்டுவான்.

பேட்டரிக் கடையில் சில வாரங்களைச் சாமர்த்தியமாக ஓட்டினான். வண்டி வந்து நின்றதும், "வாங்க வாங்க, எந்த மாடல், எப்ப மாத்தினது?" என்று வாயால் பந்தல் போடுவான். கை வேலை வரும்போது, "ஆசிட் அண்ணே, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுப்பான். கடையில் பல வருஷமாக ஆசிட் ஊற்றி ஊற்றிச் சட்டையெல்லாம் சல்லடையாகிப் போனவருக்கு அதுதான் பெயர். அவர் வந்து கழட்டுவார், மாட்டுவார். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை பார்ப்பான்.

ஒருநாள் சாப்பிடும்போது மாமனார் பேச்சை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கை வைக்கட்டும். அன்னிக்கே சாவியைக் கொடுத்துடறேன்."

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கை வைப்பது அந்தக் கடையின் வழக்கம். புதிதாக யார் கல்லாவில் உட்கார்ந்தாலும், அதற்கு முன் எல்லோர் எதிரிலும் ஒரு பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு கை, மைனஸ் முனையில் ஒரு கை வைத்து நிற்க வேண்டும். 'தொட்டா அடிக்காது' என்று தானே நம்பாதவன் வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வான் என்பது மாமனாரின் வாதம்.

"நானே வெச்சிருக்கேன். குளிர்ந்த வெள்ளரிக்காயைப் பிடிச்ச மாதிரி இருக்கும்" என்றார் மாமியார்.

"மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடுங்கப்பா" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான். மனைவியின் அண்ணன்; பக்கத்துக் கடையில் டயர் வியாபாரம். இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் சுவரை எப்போது இடிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தவன். "சுவத்தை எடுத்துட்டு நானே ரெண்டையும் பாத்துக்கறேன். மாப்பிள்ளை நல்லா துணி மடிப்பாரு. வண்டி துடைக்கற துணியை மடிச்சுக் குடுக்கட்டும்."

மாமனார் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கை வெச்சா கடை மாப்பிள்ளைக்கு. இல்லேன்னா சுவர் உனக்கு" என்று கையைக் கழுவ எழுந்தார்.

அன்றிரவே மனைவியிடம் உண்மையைக் கொட்டினான். அவள் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, அது பன்னெண்டு வோல்ட்டுங்க. நம்ம தோலைத் தாண்டி உள்ள போக அதுக்குத் தெம்பு கிடையாது. மோதிரம், ஸ்பேனர் மாதிரி உலோகம் எதுவும் ரெண்டு முனைக்கும் நடுவுல விழாமப் பாத்துக்கணும். விழுந்தா பொறி பறக்கும், மோதிரம் பழுத்து விரலைச் சுட்டுடும். பக்கத்துல நெருப்பு கூடாது, ஆசிட் கண்ணுல படக் கூடாது. பயப்படணும்னா இதுக்கெல்லாம் பயப்படுங்க. கை வைக்கறதுக்கு எதுக்குப் பயம்?"

கணக்கு புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. தானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று மறுநாள் சின்னதிலிருந்து தொடங்கினான். ரேடியோவில் போடும் சதுர பேட்டரி ஒன்று, ஒன்பது வோல்ட். யாரோ சொன்னதை நம்பி அதை நாக்கில் வைத்தான். சுரீர் என்றது. துப்பிவிட்டுத் துள்ளினான். தீப்பெட்டி அளவுகூட இல்லாத இதுவே இப்படிக் கடித்தால், இரண்டு கையால் தூக்க வேண்டிய அது என்ன செய்யும்? நாக்கு ஈரம், கை காய்ந்த தோல் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்கோ கறுப்புப் பெட்டியெல்லாம் எமன்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். "சரி, கடையில ஒரு புது பேட்டரியில டெஸ்ட் விளக்கை மாட்டி அணைக்காம விட்டு, அது படுத்துக் கிடக்கு. சுத்தமா காலி. வெள்ளிக்கிழமை அதையே மேஜை மேல வெச்சுடறேன். செத்த பாம்பு. தொட்டுட்டு வந்துடுங்க."

"உங்கப்பா கண்டுபிடிச்சுட்டா?"

"வெளியிலிருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

அன்று மாலை கடை மூடிய பிறகு அந்தக் காலி பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. தடவினான். தட்டிக் கொடுத்தான். "ஹும், இவ்வளவுதானா?" என்று அதனிடமே கேட்டான். செத்த பாம்பை அடிப்பதிலும் ஒரு வீரம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேஜைமேல் பேட்டரி. சுற்றிலும் மாமனார், மாமியார், மனைவி, ஆசிட் அண்ணன், வேடிக்கை பார்க்க வந்த டயர் மச்சான். பேட்டரி மாற்ற வந்த ஒரு வாடகைக் கார் டிரைவரும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

"மோதிரத்தைக் கழட்டுங்க, கையைத் துடைச்சுக்குங்க" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை கழட்டினான், துடைத்தான், ஜம்மென்று இரண்டு கைகளையும் வைத்தான். மச்சானின் முகத்தில் ஏமாற்றம் பரவியது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பயம்கறது மனசுல இருக்குங்க, பேட்டரியில இல்ல" என்று தொடங்கினான். "பாருங்க, வெச்ச கையை எடுக்காமத்தான் பேசறேன். மச்சான், நீங்களும் ஒரு தடவை வெக்கறீங்களா? டயர்ல காத்தடிக்கற கைக்கு இது கஷ்டமா இருக்குமோ என்னவோ." டிரைவர் கெக்கலித்தார். மாமனாருக்குக் கண் கலங்கியது. கை வைத்த ஆட்களில் இப்படிச் சொற்பொழிவு செய்தவர் யாருமில்லை.

"போதும் மாப்பிள்ளை, எடுங்க" என்று அவரே தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. "ஆசிட்டு, இதையே டிரைவர் வண்டியில மாட்டு. மாப்பிள்ளை கைபட்ட பேட்டரி, முதல் போணி."

மாப்பிள்ளைக்குத் திக்கென்றது. காலி பேட்டரியை மாட்டினால் வண்டி முனகக்கூட முனகாதே! மனைவியைப் பார்த்தான். அவளும் விழித்தாள். ஆசிட் அண்ணன் மாட்டினார். டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே மூச்சில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"எப்படி..." என்றான் மாப்பிள்ளை.

"எப்படின்னா? நம்ம கடையில எந்த பேட்டரியும் பட்டினியா தூங்கக் கூடாது. நேத்து ராத்திரி பாத்தேன், வாடிப் போய்க் கிடந்தது. சார்ஜ்ல போட்டுட்டேன். காலையில ஃபுல்" என்றார் மாமனார் பெருமையாக.

ஃபுல். அந்தச் சொல் மாப்பிள்ளையின் காதில் விழுந்தது. அடுத்த நொடி மாப்பிள்ளை தரையில் விழுந்தான்.

கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர். மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். மாமனார் ஓரமாக நின்று, வளர்த்த நாய் கடித்துவிட்டது போல மேஜைமேலிருந்த மற்ற பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்காதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே. என் கண்ணு முன்னாடியே அடிச்சிருச்சே!"

"உடனே அடிக்கலியே முதலாளி" என்றார் ஆசிட் அண்ணன், பெரிய விஞ்ஞானியைப் போலத் தாடையைத் தடவி. "ரொம்ப நேரம் கை வெச்சிருந்தாரில்ல? உடம்புல கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஏறியிருக்கு. கையை எடுத்ததும் இறங்கிடுச்சு."

"அவ்வளவு கரண்ட் ஏறும்போதும் சிரிச்சுக்கிட்டே பேசினாரே" என்றார் மாமியார். "என்ன நெஞ்சழுத்தம்!"

மேஜையில் சாய்ந்திருந்த மச்சான், ஒரு பேட்டரியில் பட்டிருந்த முழங்கையை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

சாவி கைக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவி மட்டும் சொன்னாள். "காலியோ ஃபுல்லோ, தொட்டா ரெண்டும் ஒண்ணுதாங்க. உங்க பயத்துக்காகத்தான் காலியா ஒண்ணைத் தேடி எடுத்தேன். சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மறுநாள் கடை திறந்ததும், யாரும் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளை மோதிரத்தைக் கழட்டி வைத்துவிட்டு, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றின்மேல், தெரிந்தே, கை வைத்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. பேட்டரி அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சும் அடங்கியது. பயம் போன இடம் தெரியவில்லை என்று நினைத்தான்.

போன இடம் சீக்கிரமே தெரிந்தது. ஆசிட் அண்ணன் முழங்கைவரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வந்தார். மச்சானின் சொந்தக் கார் கிளம்பாதபோது, பானெட்டைத் திறந்துவிட்டு நடைபாதைக்கு ஏறி நின்றுகொண்டு, "மாப்பிள்ளை, நீங்களே பாருங்களேன்" என்றான் மரியாதையாக. மாமனாரோ கடைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கடையைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கடை போனாலும் போகட்டும் என்று ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு உண்மை சொல்லணும். அன்னிக்கு பேட்டரி அடிக்கல. அது காலின்னு நெனச்சுத்தான் கை வெச்சேன். ஃபுல்லுன்னு நீங்க சொன்னதும் பயத்துல விழுந்துட்டேன். நான் பயந்தாங்கொள்ளி மாமா. நீங்க சொல்லிட்டிருந்ததுதான் சரி. உள்ள வாங்க."

மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு உங்க பேரையே கெடுத்துக்கறீங்களே மாப்பிள்ளை. இந்தக் குணம் யாருக்கு வரும்?"

"இல்ல மாமா, சத்தியமா..."

"போதும். இதுக்கு மேல சொன்னா நான் அழுதுடுவேன்."

அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் நேரே பேட்டரி அடுக்கை நோக்கி நடந்தார். மாமனார் பதறிப்போய்க் கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"ஐயா, அங்கேயே நில்லுங்க! அதெல்லாம் எங்க மாப்பிள்ளைக்கு மட்டும்தான் கட்டுப்படும்."

மாப்பிள்ளை மோதிரத்தைக் கழட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போனான்.