வெயில் மறைத்த நோய்

இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததுமே கமலாக்ஷிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. இனி இதை அண்ணாவுக்குப் புரியவைக்க வேண்டுமே.

அண்ணா லக்ஷ்மிநாராயணனுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம். அது அப்பா வைத்துவிட்டுப் போனது. அண்ணாவின் மனசெல்லாம் காந்தல்லூர் மலையில் தானே தொடங்கிய பிளம்ஸ் நாற்றங்காலில்தான் இருந்தது. அங்கே ஒட்டுக் கட்டிய கன்றுகளைச் சுற்றுவட்டத்து மலைக்காரர்கள் எல்லோரும் தேடி வந்து வாங்கிப் போனார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் அந்தக் கன்றுகளுக்கு என்னவோ கோளாறு. பத்துப் பன்னிரண்டைத் தொட்டியோடு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து, பாண்டிகசாலை என்கிற சரக்குக் கிடங்குக்குப் பின்னால் சாக்கு காயப்போடும் முற்றத்தில் வரிசையாக வைத்தார். சுள்ளிக்கல்லில் இருந்த தங்கைக்கு ஆள் விட்டார். அவள் எறணாகுளத்தில் பயிர்நோய் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள்.

இலைகளில் வெளிறிய வளையங்கள். சிலவற்றில் வளையத்தின் நடு உதிர்ந்து ஓட்டையாகியிருந்தது.

"புழுதானே?" என்றார் அண்ணா.

"புழு இல்லை. வைரஸ்."

"சரி, அதுக்கு மருந்து என்ன?"

"மருந்து கிடையாது."

"கிடையாதுன்னா? உங்க ஆபீஸ்ல இல்லைங்கறயா?"

"லோகத்துலயே கிடையாது அண்ணா. செடிக்குள்ள ரசத்தோட ரசமா ஓடறது. மேலே என்ன தெளிச்சாலும் அதைத் தொடாது. பிடுங்கி எரிக்கணும். அது மட்டும் போறாது. இந்தக் கன்னுக்கெல்லாம் எந்த மரத்துலேர்ந்து மொட்டு எடுத்தேள்?"

அண்ணாவின் முகம் மலர்ந்தது. "எல்லாம் என் தாய்மரந்தான். அதைப் பத்திக் கவலையே வேண்டாம். கல்லு மாதிரி நிக்கறது. ஒரு இலையில ஒரு புள்ளி பார்க்க முடியாது."

கமலாக்ஷி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மரம் முதல் வருஷம் கொஞ்சம் வாடும், பிறகு எதையும் வெளியே காட்டாமல் நோயைச் சுமந்துகொண்டு வருஷா வருஷம் காய்க்கும். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மொட்டிலும் நோயும் கூடவே போகும். இதை அவள் முதலில் நின்றுகொண்டு சொன்னாள். மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னாள். மன்னி மீனாக்ஷி காப்பி கொண்டுவந்தபோது அவளிடமும் சொன்னாள்.

மன்னி கேட்டாள்: "அப்போ அந்த மரத்தை வெட்டணுமா?"

"முதல்ல பரிசோதிக்கணும். அதோட மொட்டைச் சீக்கிரம் நோய் காட்டற ஜாதிக் கன்னுல ஒட்டிப் பார்த்தாத் தெரிஞ்சுடும். எனக்கு ஒரு வருஷம் டயம் குடுங்கோ. அதுவரைக்கும் ஒரு கன்னும் விக்கப்படாது."

"ஒரு வருஷமா!" என்று அண்ணா எழுந்தே விட்டார். "வெறுதே ஒரு வருஷம் நாற்றங்காலைப் பூட்டிட்டு உக்காரவா? நீ படிச்சது எல்லாம் எரிக்கறதுக்குத்தானா?"

அதன்பின் அண்ணா தானாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தார். வேப்பம்பிண்ணாக்குப் போட்டார். யாரோ சேட்டன் ஒருவன் சொன்னான் என்று இடக்கொச்சியிலிருந்து செம்மீன் தோட்டை, அதாவது இறால் ஓட்டை, அரைத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். முற்றத்துக்கு அப்பால்தான் வீட்டுச் சமையலறை. மன்னி மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அந்தச் சாக்கு வெளியே போகிறவரை அடுப்பு மூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பழமும் அவலுந்தான். அண்ணா அவலைத் தின்றுகொண்டே செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முந்தின புழுக்கத்தில் அந்தச் செடிகள் புதுத் துளிர் விட்டன. ஒரு வளையமில்லை. ஓட்டையில்லை. பச்சைப்பசேல் என்றிருந்தன.

அண்ணா சைக்கிளில் ஆளனுப்பி கமலாக்ஷியை வரவழைத்தார். "தொட்டுப் பாரு. கிட்டப் போய்ப் பாரு. மருந்தே இல்லேன்னியே!"

கமலாக்ஷி கிட்டப் போகவில்லை. "சூடு அண்ணா. கொச்சி வெயில்ல வைரஸ் அடங்கிப் போயிருக்கு, அவ்வளவுதான். மலைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கோ, குளிர் முடிஞ்சு துளிர் விடறச்சே மறுபடியும் வரும்."

"சூட்டுல போகும்னு நீயே சொல்றே."

"போகும்னு சொல்லலை. மறையும்னு சொன்னேன். வெளிதேசத்துல கண்ணாடி அறைக்குள்ள வாரக்கணக்காச் சூடு வச்சு, புது நுனியை மட்டும் கிள்ளி ஒட்டி, அப்புறம் வருஷக்கணக்காப் பரிசோதிச்சு..."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அண்ணா மீதியைக் கேட்கவில்லை. "பாத்தியா! வெளிதேசத்துலயே இதைத்தான் செய்யறான். நான் கண்ணாடி அறை இல்லாம, மட்டாஞ்சேரி முற்றத்துலேயே செஞ்சுட்டேன்!" என்று கடைச் சிப்பந்திகளைக் கூப்பிட்டு ஆரம்பித்துவிட்டார். கமலாக்ஷி குரலை உயர்த்தினாள். அவர் அதைவிட உயர்த்தினார். கடைசியில், "நோக்கு அண்ணா ஜெயிச்சது பிடிக்கலை" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செடிகள் மலையேறின. தாய்மரத்திலிருந்தும் இந்தக் 'குணமான' செடிகளிலிருந்தும் மொட்டெடுத்துப் புதிதாக ஒட்டி, விற்கவும் ஆரம்பித்தார்கள். மன்னி ரகசியமாக வந்து சொன்னபோது கமலாக்ஷி உடனே அண்ணாவைப் பார்க்கப் போனாள். அவர் கணக்குப்பிள்ளையோடு பேசுவதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு நல்லநாள் கெட்டநாளுக்கு மட்டுமே பார்த்துக்கொண்டார்கள். செடியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

எண்பத்திரண்டில் ஒரு பங்குனி மாதம். மன்னிக்கு உடம்பு சரியில்லை என்று கமலாக்ஷி வந்திருந்தாள். பாண்டிகசாலை வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். பெயர் அழகர், காந்தல்லூருக்கு மேலே ஒரு சரிவில் விவசாயம். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தையெல்லாம் மாற்றி, அண்ணாவிடம் வாங்கிய பிளம்ஸ் கன்றுகளை நட்டவர். பஸ் மாறி பஸ் மாறி, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு கிளையோடு வந்திருந்தார்.

"பாருங்க சாமி. பாதிக் கன்னு பட்டுப்போச்சு. மிச்சது வளரவே மாட்டேங்குது. வெவசாய ஆபீசுல அடிக்கச் சொன்னதெல்லாம் அடிச்சாச்சு."

சாக்கைப் பிரித்தார். கமலாக்ஷி இரண்டடி தள்ளி நின்றே பார்த்தாள். அதே வளையங்கள்.

அண்ணா கிளையைக் கையில் வாங்கினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணும் கொழப்பமில்லை அழகரே. துத்தமும் சுண்ணாம்பும்..."

"போதும் அண்ணா!"

மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கமலாக்ஷி அண்ணாவின் எதிரே வந்து நின்றாள். "இன்னும் எத்தனை பேர் எத்தனை நாள் தெளிக்கணும்? அவர் வீட்டுச் சாப்பாடு அண்ணா அது. இவர்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லுங்கோ. இல்லேன்னா நான் சொல்றேன்."

அழகர் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது கமலாக்ஷிக்கு.

"அம்மா, நீங்க இதப் படிச்சவுங்களா? அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது எங்க மண்ணுல வந்ததா, கன்னு வாங்கும்போதே இருந்ததா? நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு வீட்டுல பேச்சு. எம் பொஞ்சாதி இப்ப அந்தப் பக்கமே வாறதில்ல."

கமலாக்ஷி வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணா பேசிவிட்டார்.

"கன்னுலயே இருந்தது." அழகரைப் பார்த்து மறுபடி சொன்னார். "உங்க பேர்ல தப்பே இல்லை. இவ அப்பவே சொன்னா. நான் கேக்கலை."

அழகர் கிளையை அண்ணாவின் கையிலேயே விட்டுவிட்டு, வெறும் சாக்கை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சாயா குடிக்கக்கூட நிற்கவில்லை.

அந்த வாரமே அண்ணனும் தங்கையும் காந்தல்லூர் போனார்கள். ஒட்டுக் கன்றுகள் அத்தனையையும் பிடுங்கிக் குவித்து எரித்தார்கள். தாய்மரத்துக்கு முதல் வெட்டை அண்ணாவே போட்டார். இரண்டாவது வெட்டுக்குக் கை வரவில்லை, கூலியாளிடம் கோடாலியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கமலாக்ஷிக்கு மனசு இளகித்தான் போயிற்று. மூணாறு தாண்டி ஓரிடத்தில் வண்டி குலுங்கியபோது ஸீட்டுக்கு அடியிலிருந்து ஈரப்பாசியில் சுற்றிய ஒரு பொட்டலம் உருண்டு வந்தது. உள்ளே தாய்மரத்தின் குச்சிகள்.

"ஒரு ஞாபகத்துக்காக்கும்" என்றார் அண்ணா.

"ஞாபகத்துக்குப் போட்டோ எடுத்துக்கறது! வேர் விட்டு வளர்ற ஞாபகம் எதுக்கு?" என்று கத்திவிட்டு, வழியில் ஒரு சாயாக்கடை அடுப்பில் அந்தப் பொட்டலத்தை அவளே செருகினாள்.

பழைய நிலத்தைக் காய்கறிக்கு விட்டார்கள். தள்ளி வேறொரு சரிவில், பரிசோதித்துத் தேறிய மரங்களிலிருந்து மட்டும் மொட்டெடுத்துப் புது நாற்றங்கால் தொடங்கிற்று. முதல் கன்றுகள் விற்பனைக்கு வர எண்பத்தைந்து ஆகிவிட்டது. அழகருக்கு வேண்டிய கன்றுகளைச் சும்மா தருவதாக அண்ணா நேரில் போய்ச் சொன்னார். அழகர் வரவேற்று உட்காரவைத்து, வெல்லக்காப்பி கொடுத்தார். வெள்ளைப்பூண்டு நன்றாக வருகிறது, இனி மரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து இதைச் சொன்ன அண்ணா அன்று முழுக்கக் கடைக்குப் போகவில்லை.

மற்றவர்களிடம் மட்டும் பேச்சு நிற்கவில்லை. கன்று வாங்க வருகிறவர்களை மூட்டைமேல் உட்காரவைத்து, "வைரஸுக்கு மருந்து லோகத்துலயே கிடையாது, கேட்டேளா? தாய்மரத்தைப் பாக்கணும்!" என்று அடித்துப் பேசினார், என்னவோ தானே கண்டுபிடித்ததுபோல. கமலாக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைக் குடித்தாள்.

ஒருநாள் அண்ணா சுள்ளிக்கல்லுக்கே வந்தார். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய பீச் குச்சிகள். கூனூரில் ஒரு சிநேகிதர் தோட்டத்தில் கிடைத்ததாம். தேன் மாதிரி பழமாம்.

"எங்கேயும் ஒட்டலை. சத்தியமா ஒட்டலை. நேரே நோக்குத்தான் கொண்டுவந்தேன்."

கமலாக்ஷி சந்தேகத்தோடு குச்சிகளை எண்ணி வாங்கிக்கொண்டாள். "சரி. பரிசோதிச்சுச் சொல்றேன்."

"எப்போ தெரியும்?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா!" என்று அண்ணா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். "சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கமலா, வெறுதே கேக்கறேன்... ஒண்ணரை வருஷத்துல முடியாதோ?"