அதே சொல்

சட்டை தொளதொளவென்று நின்றது. கணவனின் முதுகுப் பக்கம் கையை நுழைத்து, துணியை மடித்து ஊக்கு குத்தினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல பாதிப் பேர மேல அனுப்பினவன் நான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இன்று காலையில் அவனே மேலே போய்விட்டான்.

மழைக்காலத்தில் புற்றுநோய் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "மருந்த நானோ துகளுக்குள்ள அடைச்சு ஏத்தறோம். கண்ணுக்குத் தெரியாத டப்பா மாதிரி. பெரும்பாலும் கட்டிக்குள்ள போய்த்தான் திறக்கும்." இரண்டாவது முறை ஏற்றியதும் கட்டி சுருங்கத் தொடங்கியது. ஆனால் குடலைப் பிடுங்கும் வாந்தி. அப்போதுதான் அவளுடைய அண்ணன் நீலப் புட்டியோடு வந்தான்.

"இதுவும் நானோதான் மாப்ள. ஊசி கிடையாது, வாந்தி கிடையாது. நாக்குல அஞ்சு சொட்டு."

டாக்டர் சொன்ன அதே சொல். நம்பாமல் என்ன செய்வார்கள்? சொட்டு விட்டது அவள்தான். அவன் குருவிக்குஞ்சு போல வாயைத் திறப்பான். அடுத்த ஊசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, "தேறிட்டேன்னு சொல்லிடு" என்றான்.

வலி தாங்காமல் திரும்பிப் போனபோது ஈரல் வரை பரவியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார்.

இன்று கூடத்தில் எல்லோரையும் விட உரக்க அழுதவன் அண்ணன்தான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, மாடிவீட்டுத் தையல்கார அக்காவுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டான். அக்கா கழுத்தைத் துணியால் மூடியிருந்தாள்.

"என்னக்கா வீக்கம்? கத்தி எதுக்கு? சொட்டு போட்டா கரைஞ்சிடும்."

கணவனின் பிணத்தருகிலிருந்து அவள் எழுந்து வந்தாள். "அக்கா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இவன் குடுத்தத நம்பித்தான் அவரு அங்க கிடக்கறாரு."

அண்ணன் முகம் சுளிக்கக்கூட இல்லை.

"பாவம், என்ன பேசறோம்னு தெரியாமப் பேசறா. மாப்ள சொட்டு மருந்தப் பாதியில விட்டுட்டாரு. அதான் இப்படி."

நாலு பேர் தலையாட்டினார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள்.

"ஊசின்னா எனக்கும் பயம்மா" என்றாள் தையல்கார அக்கா, மன்னிப்புக் கேட்பவள் போல. ஒரு நீலப் புட்டி அதற்குள் அக்காவின் கைப்பைக்குள் போயிருந்தது. அக்கா எழுந்து வந்து, ஆறுதலாக அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கழுத்துக் கட்டி, கல்லைப் போல, அவள் தோளில் அழுந்தியது.