ஆறு டாலருக்கு அப்பா

ஒரு பூனையின் சுயசரிதையைப் பூனையின் குரலிலேயே முந்நூறு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்ததற்காக ஐலா மட்டிலாவுக்குப் பன்னிரண்டு டாலரும் ஒரே ஒரு நட்சத்திரமும் கிடைத்தன. "எங்கள் பூனை இவ்வளவு கசப்பானவள் அல்ல" என்று வாடிக்கையாளர் விமர்சனம் போட்டிருந்தாள். பன்னிரண்டு டாலருக்கு முந்நூறு பக்கம் எழுதினால் பூனைக்குக் கசக்காமல் இனிக்குமா?

ஐலா பிழைப்பு நடத்தும் அந்த இணையத் தளத்தில் வேலை கொடுக்க உலகமே திரண்டு வரும். கூலி கொடுக்கத்தான் ஆள் இருக்காது. ஒருவனுக்குத் தன் பல் மருத்துவமனைக்கு ஒரு தேசிய கீதம் வேண்டும். கூலிக்குப் பதில் பாதிப் பல் சுத்தம் செய்து தருவான். ஒருத்திக்கு, தான் தூங்கும்போது தன் சார்பில் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்ட ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆளுக்கு முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும். போன வருடம் வெளிவந்த மென்பொருளில் பத்து வருட அனுபவம் கேட்பவர்களை எல்லாம் ஐலா கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்கள் நல்லவர்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டது தங்கப் பட்டைக்காக. நல்ல நட்சத்திரங்கள் வாங்கியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் தளம் ஒரு மஞ்சள் பட்டை போடும். அது இருந்தால் முதல் பக்கம். போனால் நாற்பதாம் பக்கம். நாற்பதாம் பக்கத்துக்கு யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பூனைக்காரியின் புண்ணியத்தில் பட்டை இப்போது ஊசலாடியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வேலையை ஐந்து நட்சத்திரத்தோடு முடித்தால் தப்பும். இன்னொரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தாலோ, எடுத்த வேலையைப் பாதியில் விட்டாலோ அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் வேறு வந்து சேர்ந்தது. ஒர்வோ மட்டிலா தண்டர் பே நகராட்சியில் முப்பத்தொரு வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், வறுத்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டே பிள்ளைகள் இருவரையும் பார்த்தார்.

"நான் செத்த பிறகு ரெண்டு பேரும் மைக்கப் புடிச்சு என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்த பேசுவீங்க. ஊரே சாப்பிட்டுட்டு உக்காந்து கேக்கும். நான் மட்டும் பெட்டிக்குள்ள படுத்துக் கிடக்கணும். இது என்ன நியாயம்? சனிக்கிழமை கர்லிங் கிளப்புல என் முன்னாலயே பேசிடுங்க. யாரு என்னை அழ வெக்கிறீங்களோ, ஏரிக்கரைக் குடில் அவங்களுக்கு."

அண்ணன் டேல் முள்கரண்டியைக் கீழே போட்டான். வீட்டைச் சூடாக்கும் உலைக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் அவன். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியது கடைசியாகப் பள்ளிக்கூடத்தில்தான்.

"அப்பா, இது அநியாயம்! இவ எழுத்தாளர்."

"ஆமா, பூனைக்கு எழுதறா. நான் பூனைய விடக் கஷ்டமான ஆளு" என்றார் அப்பா.

"ஒரு பக்கத்துக்கு நூறு டாலர் வாங்கறியாமே? அம்மா சொன்னாங்க" என்று டேல் தங்கையைக் குத்தினான். "அவ்வளவு சம்பாதிக்கிறவளுக்குக் குடில் எதுக்கு?"

ஐலா மீனைக் கிளறினாள். நூறு டாலர் என்று அம்மாவிடம் புளுகியது அவள்தான். உண்மையில் வாடகைக்கு இருந்த நிலவறை அவளை விழுங்கிக்கொண்டிருந்தது. குடிலில் இரண்டு அறை, நீராவிக் குளியலுக்கு ஒரு சௌனா, ஏரிக்குள் நீளும் ஒரு மரப் படகுத்துறை. அது கிடைத்தால் வாடகை இல்லாமல் வாழலாம். பேச்சுதானே, தன் தொழில்தானே என்று அவள் மனம் அப்போதே குடிலில் துணி காயப்போட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை தளத்தில் புது விளம்பரம் ஒன்று வந்தது. "தந்தைக்கு இரங்கல் உரை, அவசரம். கேட்பவர் அழ வேண்டும். கூலி ஆறு டாலர். திருத்தம் எத்தனை கேட்டாலும் செய்து தர வேண்டும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஆகவே எழுதுகிறவருக்கு இனி வேலைக்குப் பஞ்சமே இருக்காது. விளம்பரத்தை முழுதாகப் படித்தீர்கள் என்று காட்ட, பதிலை 'முள்ளங்கி' என்ற சொல்லில் தொடங்கவும்."

ஆறு டாலருக்கு ஒரு அப்பாவா என்று ஐலாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் சின்ன வேலை. ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம். "முள்ளங்கி. உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள்" என்று தொடங்கி எழுதி அனுப்பினாள். தளத்தில் அவள் பெயர் வடக்குப் பேனா, படம் ஒரு நீர்ப்பறவை. ஐந்தே நிமிடத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னாலேயே வாடிக்கையாளரின் செய்தி வந்தது.

"வருத்தம்லாம் வேணாம் சார், அவரு நல்லாத்தான் இருக்காரு. நேத்துகூட ரெண்டு தட்டு மீன் சாப்பிட்டாரு. விவரம் சொல்றேன். முப்பத்தொரு வருஷம் பனி அள்ளற வண்டி ஓட்டினாரு. எதிர் வீட்டு பெல்ட்டோலாவோட சண்டை. அதனால தெருப் பனியை எல்லாம் அந்த ஆளு வாசல்லயே மலை மாதிரி குவிச்சுட்டுப் போவாரு. முப்பத்தொரு வருஷமும்."

ஐலா மடிக்கணினியை மூடினாள். எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து திறந்து பார்த்தபோதும் பெல்ட்டோலா அங்கேயே இருந்தார்.

வேலையை விட்டால் பட்டை போகும். மோசமாக எழுதினால் ஒற்றை நட்சத்திரம், அப்போதும் பட்டை போகும். நன்றாக எழுதினால் குடில் போகும். நான்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்துக்கு நூறு டாலர் வாங்குகிற தங்கை ஆறு டாலருக்கு முள்ளங்கி என்று எழுதிப் பல்லிளித்தாள் என்பது அண்ணனுக்குத் தெரிந்தால், சாகிற வரை கிறிஸ்துமஸ் விருந்துக்கு முள்ளங்கிதான் பரிமாறுவான். அதற்கு அவள் தயாராக இல்லை. இன்னொன்றும் உண்டு. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அண்ணன் அவளை மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறான்.

எழுதினாள். டேலுக்குத் திருத்தம் கேட்கும் நோய் வந்தது.

"சார், அப்பா இதுல கொஞ்சம் குள்ளமா தெரியறாரு. உயரமாக்க முடியுமா?"

"சார், ஒரு ஓநாய் வந்தா நல்லாயிருக்கும்."

"சார், ஓநாய எடுத்துடுங்க. என் பொண்டாட்டி சிரிக்கிறா."

"சார், எல்லாம் இருக்கு, ஆனா அழுகை வரல. நீங்க அழுதீங்களா? எழுதினவரே அழலைன்னா எப்படி சார்?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தொழிலில் கை வைத்தால் ஐலாவுக்குத் தாங்காது. வெள்ளிக்கிழமை மதியம், ரோஷத்தில், அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். ஏழு வயதில் தனக்குக் காய்ச்சல் முற்றிய நாளை உரையில் எழுதினாள். அன்று பனிப்புயலில் ஊரே புதைந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. அப்பா நகராட்சி வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, அவளைக் கோட்டுக்குள் சுற்றி மடியில் வைத்து, பாதையைத் தள்ளித் தள்ளியே ஆஸ்பத்திரி வரை போனார். வழி முழுக்கத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடினார். சுருதி சேரவே இல்லை. அந்த வருடம் டேல் அத்தை வீட்டில் இருந்தான். அவனுக்கு இது தெரியாது. உரை டேல் பேசுவதற்கு என்பதால், 'நான்' என்று எழுதினாள். எழுதும்போது அழுதாள்.

"சார், இது நடக்கவே இல்ல" என்று பதில் வந்தது. "ஆனா பிரமாதமா இருக்கு. இருக்கட்டும்."

வேலையை ஒப்படைக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான், எல்லா ஒப்பந்தத்தின் அடியிலும் இருக்கிற வரி அவளுக்கு நினைவு வந்தது: ஒப்படைத்த எழுத்து முழுவதும் வாடிக்கையாளருக்கே சொந்தம், எழுதியவர் அதை வேறெங்கும் பயன்படுத்தக்கூடாது. பல் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்த கீதத்தை அவள் குளியலறையில்கூடப் பாடியதில்லை, அவ்வளவு நேர்மை. தன் பேச்சுக்கென்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். பெல்ட்டோலா விற்றாகிவிட்டது. பாட்டு விற்றாகிவிட்டது. காய்ச்சல், கோட்டு, மடி எல்லாம் விற்றாகிவிட்டது. ஆறு டாலருக்கு அப்பாவை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம் என்று புரிந்தபோது, தன் மேலேயே அவளுக்குக் கை ஓங்கத் தோன்றியது.

சனிக்கிழமை, பனிக்கட்டித் தரையில் கல் தள்ளி ஆடும் அந்தக் கர்லிங் கிளப்பில் நூறு பேர். இளஞ்சிவப்புப் பூச்சு போட்ட பெர்ஷியன் என்னும் இனிப்பு ரொட்டிகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. டேல் காகிதத்தைப் பிரித்துப் படித்தான். பெல்ட்டோலா பகுதியில் பெல்ட்டோலாவே விழுந்து விழுந்து சிரித்தார். காய்ச்சல் பகுதி வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஐலா. மைக்கின் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தபோதெல்லாம் வாடிக்கையாளரின் சொத்துதான் வந்தது.

"அப்பா... உயரமானவர்" என்றாள். "அவ்வளவுதான்."

ஒர்வோ ஐந்தடி மூன்றங்குலம். கூட்டம் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டியது. குடில் டேலுக்குப் போனது. சாயங்காலமே வடக்குப் பேனாவுக்கு ஐந்து நட்சத்திரம் வந்தது: "மனுஷன் அழ வைத்துவிட்டார்." பட்டை பளிச்சென்று நின்றது. ஐலா அதைப் பார்த்துக்கொண்டு ஒரு டப்பா ஐஸ்கிரீமையும் தின்று தீர்த்தாள். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை அதே வாடிக்கையாளர் மறுபடி வந்தார்.

"சார், இன்னொரு வேலை. என் தங்கச்சிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். பழைய கஸ்டமர்ங்கறதால மூணு டாலர்."

ஐலா அதை இரண்டு முறை படித்தாள். பழக்கத்தில் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்: என்ன சொல்ல வேண்டும், விவரம் கொடுங்கள். திரையில் மூன்று புள்ளிகள் வெகு நேரம் துடித்தன.

"அவ நெசமான எழுத்தாளர் சார். அவ பேசினா நான் தோத்துடுவேன்னு தெரியும், அதான் உங்களப் புடிச்சேன். காசு குடுத்து வாங்கினத நான் படிச்சேன், அவ ஒண்ணும் பேசாம நின்னா. வண்டியில திரும்பி வரும்போது அப்பா கேக்கறாரு, காய்ச்சல்ல என் மடியில வந்தது ஐலா ஆச்சே, நீ எப்படா வந்தேன்னு. நீங்க குருட்டாம்போக்குல எழுதினது எங்க வீட்ல நெசமாவே நடந்திருக்கு சார். எனக்குத்தான் தெரியல. அது அவளோடது. அத நூறு பேர் முன்னால என்னோடதுன்னு சொல்லிட்டேன். அவ அங்கயே உக்காந்து கேட்டுட்டு இருந்தா. ஒரு வார்த்த சொல்லிக் காட்டல. குடில அவளே வெச்சுக்கட்டும். எனக்கு அவ பழையபடி என்னைத் திட்டினாப் போதும். நேர்ல சொல்ல வாய் வரல. நான் எழுதினா கேவலமா இருக்கும், நீங்க அழகா எழுதிக் குடுங்க."

ஐலா 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்கினாள். 'காலம் என்னும் நதி' என்று அடுத்த வரி போட்டாள். படித்துப் பார்த்து வெட்கப்பட்டு அழித்தாள். இன்னும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் டேல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனான். கடைசியில் அவன் எழுதியதையே எடுத்து, 'அவ' என்பதை 'நீ' என்று மாற்றி, 'சார்' எல்லாவற்றையும் நீக்கினாள். இதை அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் பட்டையை ஒரு முறை பார்த்தாள். ஒப்படைத்தாள்.

கால் மணி நேரத்தில் ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது. "நான் எழுதியதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஏமாற்றுக்காரன்." மதியத்துக்குள் பட்டையைக் காணோம். தேடிப் பார்த்தபோது வடக்குப் பேனா நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. நாற்பதுக்குப் பிறகும் பக்கங்கள் உண்டென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. நாலு வருட உழைப்பு. வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை நிலவறைக் கதவு தட்டப்பட்டது. டேல் உலைக் கருவி வேலைக்கான அழுக்குச் சட்டையோடு நின்றான். கையில் கோடு போட்ட தாள். அவனுடைய கோணல் கையெழுத்து.

"ஒரு நிமிஷம் குறுக்க பேசாத" என்றான். "ஒருத்தன்கிட்ட காசு குடுத்து எழுதச் சொன்னேன். அந்தப் பிராடு நான் சொன்னதையே எனக்கு அனுப்பிட்டான். சரி போ, நாமளே நேர்ல படிச்சுடலாம்னு வந்தேன்."

வாசலிலேயே நின்று படித்தான். 'உன்னோடது' என்ற இடத்தில் குரல் உடைந்தது. முடித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

ஐலா மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். நீர்ப்பறவைப் படம், வடக்குப் பேனா என்ற பெயர், கீழே அவனுடைய ஒற்றை நட்சத்திரம். டேல் குனிந்து பார்த்தான். பறவையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடி பறவையைப் பார்த்தான்.

"ஆறு டாலருக்கா?" என்றான்.

"தளத்துக்குக் கமிஷன் போக நாலு எண்பது."

"அந்த ஸ்டார மாத்த முடியாதா?"

"முடியாது."

"ஐயோ ஐலா, நான்..."

"பரவாயில்ல விடுண்ணா" என்றாள் ஐலா. அவள் கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அந்தத் தாளப் பிரி. இன்னொரு தடவை படி."

அவன் பிரித்துப் படித்தான்.