சகலையின் ஸ்பிரிங்

துப்பாக்கித் தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங், பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள். அதற்காக ராணுவக் கிடங்கின் சோதனை அறையில் இரண்டு பட்டறைக்காரர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரில் பெரியவருக்கு வயிறு எரிந்தது. எதிரே இருந்தவன் வேறு யாருமில்லை, அவர் மைத்துனியின் கணவன். நேற்று முளைத்த பட்டறை அவனுடையது. ஆனால் மாமியார் வீட்டில் எதற்கெடுத்தாலும் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். அவர் மனைவியே, "தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கக் கூடாதா?" என்பாள். இந்த ஆர்டரும் அவனுக்குப் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சோதனைக்கு வரும் மாதிரியில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. யாருடைய சரக்கு என்று அதிகாரிக்குத் தெரியக் கூடாது. அரசாங்க விதி அது. அந்த அம்மா மாதிரிகளைத் தட்டில் பரப்பியதும் பெரியவர் கண்ணில் பட்டது, சில ஸ்பிரிங்குகளின் வால் முனையில் அரத்தால் போட்ட மெல்லிய கீறல். சகலை பட்டறையின் வழக்கம். அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"மேடம், இதுல அடையாளம் இருக்கு."

சகலையின் முகம் செத்துப்போனது. "பழக்கதோஷம், அண்ணே. ஆளுங்க கை தானா போட்டிருக்கும்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி?"

அதிகாரி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அவற்றை ஒதுக்கினார். பெரியவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"வந்ததே ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டா போட்டியே இல்ல. ஒத்தை ஆள்கிட்ட வாங்கவும் விதி இல்ல. டெண்டர் ரத்து," என்றார் அதிகாரி.

"மேடம்! மறுபடி எப்போ?" என்று பதறினார் பெரியவர்.

"எனக்கே தெரியாது," என்று அவர் எழுந்து போனார்.

சகலை கத்துவான் என்று பெரியவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. அவனோ வாசல் வரை போய்த் திரும்பி, "அக்காகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன் அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கேதானா வாய்க்க வேண்டும்!

தட்டிலிருந்து கீறல் விழுந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து மேசைமேல் நிறுத்தி, உள்ளங்கையால் அடிவரை அழுத்தினார். விட்டதும் விருட்டென்று எழுந்து நின்றது. தன்னுடையதை அழுத்தினார். அது எழுந்தது, ஆனால் லேசாக ஒருக்களித்து.

"சார், குடுங்க. ரூமைப் பூட்டணும்," என்றார் காவலாளி.

பெரியவர் சகலையின் ஸ்பிரிங்கை மறுபடி அழுத்திப் பிடித்தார். காவலாளி சாவியைக் குலுக்கியும் விடவில்லை. அது அவர் உள்ளங்கையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.