வெர்னா கைவிட்ட ஒன்பதுகள்

நவம்பர் மாதத்தின் கடைசி நாள், காலை எட்டு ஐம்பத்தைந்துக்கே வெர்னா ஹால்வர்சன் காப்பர் மியூல் கேசினோவின் போக்கர் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணக்கில் முப்பத்தேழு மணி நேரம் ஏறியிருந்தது. வருஷா வருஷம் இந்த மாதத்தில் நாற்பது மணி நேரம் ஆடியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இலவசப் பந்தயத்தில் இடம் உண்டு. பகல் பன்னிரண்டோடு மாதக் கணக்கை மூடிவிடுவார்கள். ஆக, மூன்று மணி நேரம் ஆடினால் போதும்; ஐந்து நிமிடம் உபரி.

போன வருஷம் ஒரு மணி நேரத்தில் தவறியது. அதற்கு முந்தைய வருஷம் நாற்பது நிமிடத்தில். இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான். வெர்னா ஒரு நாளைக்கு நூறு டாலர்தான் கொண்டுவருவாள். தீர்ந்தால் எழுந்து காருக்குப் போய்விடுவாள், இரண்டாவது நூறு கிடையாது. கையில் நல்ல சீட்டு வந்தால் விடவும் மாட்டாள். ஸ்பார்க்ஸ் ஊரில் பள்ளிப் பேருந்துகளை இருபத்தாறு வருஷம் நேரம் தவறாமல் அனுப்பியவளுக்கு, கையில் இருக்கும் சீட்டை அனுப்ப மட்டும் மனசு வந்ததில்லை.

"இன்னிக்கு சும்மா உக்காந்திரு தாயி," என்றான் எதிரில் இருந்த டெல்பர்ட். லாரி ஓட்டுபவன், வாய் மட்டும் ஓய்வெடுக்காது. "சீட்டையே பாக்காத. வந்தது வந்தபடி தூக்கிப் போடு."

"அப்படிப் போடறதுக்கு வீட்ல குப்பைத் தொட்டி இருக்கு. இங்க எதுக்கு வரணும்?"

பத்தே முக்காலுக்கு அவள் முன்னால் நூற்று எழுபது டாலர் மதிப்புள்ள பந்தய வில்லைகள் இருந்தன. அப்போது அவளுக்கு இரண்டு ஒன்பதுகள் வந்தன. பத்து டாலர் வைத்தாள். எல்லோரும் ஒதுங்கினார்கள், அவள் இடப்பக்கத்துக் கிளேட்டனைத் தவிர.

கிளேட்டனுக்கு எழுபத்தெட்டு வயது. பிரமிட் ஏரியில் தான் பிடித்த மீனைப் பற்றிக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மீன் இன்னும் கரை சேரவில்லை.

சீட்டுப் போடும் மாரிசெல் எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டுகளை மல்லாத்தினாள்: ராஜா, ஒன்பது, நாலு. வெர்னாவிடம் இப்போது மூன்று ஒன்பதுகள். பதினைந்து வைத்தாள், கிளேட்டனும் வைத்தார். அடுத்த சீட்டு இன்னொரு ராஜா. மூன்று ஒன்பது, இரண்டு ராஜா: ஃபுல் ஹவுஸ், அபூர்வமாகவே தோற்கும் சேர்க்கை. வெர்னாவுக்குக் காதுமடல் சூடாயிற்று. முப்பது வைத்தாள். கிளேட்டனும் வைத்தார். கடைசிச் சீட்டு ஒன்றுக்கும் உதவாத இரண்டு.

இன்னும் எவ்வளவு வைக்கலாம் என்று அவள் வில்லைகளை எண்ணத் தொடங்கியபோது ஒரு விஷயம் உறைத்தது. மீன் கதை நின்றுபோயிருந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டு மேசையைத் தட்டினாள்; வைக்கவில்லை என்று பொருள். கிளேட்டன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தன் முன்னாலிருந்த அடுக்குகளை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து அப்படியே முன்னால் தள்ளினார்.

"எல்லாம்," என்றார்.

வெர்னாவிடம் மீதி நூற்றுப் பதினைந்து. தோற்றால் இப்போதே கார்தான்.

"என்ன யோசனை, மகராசி?" என்றான் டெல்பர்ட். "நீதான் எதையும் விடமாட்டியே!"

"அவங்கவங்க சீட்டை அவங்கவங்களே பாத்துக்கட்டும் சார்," என்று அதட்டினாள் மாரிசெல். "நீங்க நிதானமா யோசிங்க மேடம்."

வெர்னா யோசித்தாள். நாலு வருஷமாகக் கிளேட்டனுடன் ஆடுகிறாள். இதுபோல் மொத்தத்தையும் அவர் தள்ளியது மூன்றே தடவை. மூன்று தடவையும் பணம் கட்டிப் பார்த்தவள் அவள்தான்; மூன்று தடவையும் தோற்றவளும் அவள்தான். இந்த மனிதர் பொய்க்குத் தள்ளுகிறவர் அல்ல. மழை வருமா என்று கேட்டால்கூட வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆனால் ஃபுல் ஹவுஸ்! அதை விட்டுவிட்டேன் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

ஏழு மணிக்குப் புறப்படும் பேருந்து ஏழு ஐந்துக்கும் நிற்கிறது என்றால் ஏதோ கோளாறு. டிரைவர் சொல்லும் சமாதானத்தைக் கேட்கத் தேவையில்லை. காலையிலிருந்து ஓடிய மீன் கதை நின்றுவிட்டது. அது போதும்.

அவள் இரண்டு ஒன்பதுகளையும் எல்லோரும் பார்க்க மல்லாத்தி, மாரிசெல் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேணாம்."

மேசையே எழுந்துவிட்டது.

"ஃபுல் ஹவுஸைத் தூக்கிப் போட்டுட்டாளே!" டெல்பர்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். "கண்ணு, காய்ச்சல் எதுவும் இல்லியே?"

கிளேட்டன் தன் சீட்டுகளைக் கையிலெடுத்தார். முகம் தொங்கிப்போய்விட்டது. பணம் கட்டிப் பார்க்காதவனுக்குத் தன் சீட்டைக் காட்டுவதில்லை என்பது அவருடைய இருபது வருஷ வைராக்கியம். இரண்டு சீட்டுகளையும் கவிழ்த்தபடியே வெறுப்போடு சுண்டிவிட்டார். மாரிசெல் அவற்றைக் கழித்த சீட்டுக் குவியலில் கலந்தாள்.

அதன் பிறகுதான் அவர் பார்வை சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போனது. அந்த மணி நேரத்தில் யாருக்கு மிகப் பெரிய சீட்டுச் சேர்க்கை விழுகிறதோ அவருக்குக் கேசினோவின் பரிசு இருநூறு டாலர். ஆட்டத்தில் ஜெயித்தவர் தன் சீட்டை மேசைமேல் மல்லாத்திக் காட்டியாக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"ஐயையோ!" கிளேட்டன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நாலு ராஜா! மாரிசெல், அதை எடும்மா, நாலு ராஜா!"

"குவியல்ல கலந்தாச்சு சார். இனிமே அது சீட்டே இல்ல."

"பெருசு புளுகுது," என்று டெல்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ராஜாவாவது மந்திரியாவது!"

கிளேட்டன் அவனைச் சட்டைசெய்யவில்லை. வெர்னா பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு பணம் கட்டுவ. இன்னிக்கும் கட்டியிருந்தா நான் சீட்டைக் காட்டியிருப்பேன். உனக்கு புத்தி வர்றதுக்கு இன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா?"

"அந்தப் புத்தி பன்னெண்டு மணிக்கு மேல வந்திருந்தா உனக்குச் சௌகரியமாத்தான் இருந்திருக்கும்," என்றாள் வெர்னா.

பதினொரு மணிக்கு அந்த இருநூறு டாலரை டெல்பர்ட் வாங்கினான், மூன்று ஏழும் இரண்டு ஐந்தும் வைத்துக்கொண்டு. கிளேட்டன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் வெர்னா வரவேற்பு மேசைக்குப் போய்த் தன் உறுப்பினர் அட்டையை நீட்டினாள். நாற்பது மணி நேரம், ஐந்து நிமிடம். திரும்பி வரும்போது அவள் கையில் செர்ரிப் பழம் பொதிந்து சுட்ட பலகாரத் துண்டு ஒன்று இருந்தது. அதைக் கிளேட்டன் முன் வைத்தாள்.

"நீ நம்பறியா?" என்றார் அவர்.

"நம்பாமலா ஒன்பதுகளைப் போட்டேன்?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி, அந்த மீன் என்னாச்சு?" என்று வெர்னா கேட்டாள்.

"அதைத்தானே சொல்ல வந்தேன்," என்று நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார் கிளேட்டன்.